மாற்று இருக்கும்போது கறி சாப்பிடுவது சரியா?

திருக்குறளின் 26ஆவது அதிகாரம் புலால் மறுத்தல். 33ஆவது அதிகாரம் கொல்லாமை. கறியும் சோறும் உண்டே பழகிய கை மெத்தென்றுதான் இருக்கும் என்று சேர மன்னனிடம் கபிலர் சொல்லும் பாட்டும் அதே தமிழில், புறநானூற்றில் இருக்கிறது. கறி தின்னலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறார்கள். 2014இல் எடுக்கப்பட்ட மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கும் அதிகமானோர் அசைவர்கள். தலையெண்ணி முடிவு செய்வதென்றால் வழக்கு என்றைக்கோ முடிந்துவிட்டது.

ஆனால் ஊரே செய்கிறது என்பதால் ஒரு செயல் நியாயமாகிவிடாது. நாலு பேர் மட்டுமே மறுக்கிறார்கள் என்பதால் அவர்கள் சொல்வது தவறாகிவிடவும் செய்யாது. இந்தக் கேள்வியை உணர்ச்சியோடு அணுகுகிறவர்கள் இரு பக்கமும் நிறையப் பேர். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துப் பார்ப்போம்.

கேள்வி யாருக்கானது?

முதலில் கேள்வியைச் சரியாக வரையறுத்துக்கொள்ள வேண்டும். கடலை விட்டால் வேறு பிழைப்பில்லாத மீனவக் குடும்பம், பயிர் விளையாத வறட்டு நிலத்தில் ஆடு மேய்த்து வாழ்கிறவர்கள், பனிப்பிரதேசத்தில் வேட்டையாடி உண்கிற மக்கள் ஆகியோரிடம் "ஏன் உயிரைக் கொல்கிறாய்?" என்று கேட்பதில் பொருளில்லை. உயிர் வாழ வேறு வழி இல்லாதபோது செய்வதைத் தவறு என்று எந்த அறநூலும் எளிதில் சொல்லிவிடாது.

கேள்வி வேறொருவருக்கானது. மளிகைக் கடையில் பத்து வகைப் பருப்பு, பயறு, மீல்மேக்கர், காளான், பனீர் எல்லாம் கிடைக்கிறது. வாங்கப் பணமும் இருக்கிறது. சமைக்க அடுப்பும் நேரமும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒருவர் ருசிக்காகவும் பழக்கத்துக்காகவும் ஓர் உயிரின் சாவுக்குக் காரணமாவது சரியா? "மாற்று இருக்கும்போது" என்ற இரண்டு சொற்களில்தான் வழக்கின் முழு எடையும் இருக்கிறது. மாற்று கூடக் கூட, பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் கூடுகிறது.

வலி என்ற அளவுகோல்

விலங்கை நாம் ஏன் பொருட்படுத்த வேண்டும்? மனிதனுக்கு அறிவு இருக்கிறது, பேச்சு இருக்கிறது, விலங்குக்கு இல்லை என்பது பழைய பதில். இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் 1789இல் வெளியான தன் நூலில் இந்தப் பதிலைப் புரட்டிப் போட்டார். பேசுமா, யோசிக்குமா என்று பார்ப்பது வீண். அதற்கு வலிக்குமா என்பதுதான் கேட்க வேண்டியது என்றார். கைக்குழந்தைக்குப் பேச வராது. அதற்காக அதன் வலியை நாம் குறைத்து மதிப்பதில்லை.

ஆஸ்திரேலியரான பீட்டர் சிங்கர் 1975இல் எழுதிய 'அனிமல் லிபரேஷன்' இந்த வாதத்தைத்தான் பண்ணைகளுக்குள் கொண்டுபோனது. வலி எந்த உடம்பில் இருந்தாலும் வலிதான். இனத்தைக் காட்டி அதைத் தள்ளுபடி செய்ய முடியாது என்பது அவர் கட்சி. எனவே சிங்கர் கணக்குப் போடுகிறார்: ஒரு வேளை ருசி ஒரு பக்கம், ஒரு வாழ்நாள் துன்பம் மறுபக்கம். அமெரிக்கரான டாம் ரீகன் 1983இல் வேறு வழியில் வந்தார். விலங்குக்கும் தன் வாழ்க்கை தனக்குரியது, ஆகவே வலியே இல்லாமல் கொன்றாலும் அது உரிமைப் பறிப்பு என்றார். ஒருவர் துன்பத்தை எடைபோடுகிறார், மற்றவர் உரிமையைப் பேசுகிறார். இன்றைய விவாதம் பெரும்பாலும் இந்த இரண்டு தடங்களில்தான் ஓடுகிறது.

வலி உண்டு என்பதில் இன்று அறிவியலுக்குப் பெரிய ஐயம் இல்லை. பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் உணர்வுநிலைக்கான நரம்பு அடித்தளம் உண்டு என்று 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். பிரிட்டன் 2022இல் இயற்றிய விலங்கு நலச் சட்டம் நண்டு, இறால், கணவாய் போன்றவற்றையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

"செடிக்கும்தானே உயிர் இருக்கிறது?" என்பது நம் ஊரில் உடனே வந்து விழும் கேள்வி. உயிர் இருக்கிறது. ஆனால் வலியை உணர்வதற்கான நரம்பும் மூளையும் செடிக்கு இல்லை. செடிக்கும் வலிக்கும் என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது. நாம் தின்னும் கோழி மக்காச்சோளத்தையும் சோயாவையும் தின்றுதான் வளர்கிறது. நேரடியாகப் பயறு தின்பவரைவிடக் கறி தின்பவரால்தான் அதிகச் செடிகள் அழிகின்றன.

ஒரு கறிக்கோழியின் 40 நாள்

உலகில் ஆண்டுதோறும் உணவுக்காகக் கொல்லப்படும் நிலவாழ் விலங்குகள் 8,000 கோடிக்கு மேல். அதில் ஏறத்தாழ 10இல் 9 பங்கு கோழி. ஆகவே "கறி" என்று பேசும்போது ஆட்டையோ மாட்டையோ மனதில் வைத்துக்கொண்டு பேசினால், எண்ணிக்கையில் மிகப் பெரிய பகுதி கண்ணில் படாமலே போய்விடும்.

தமிழ்நாட்டில் கறிக்கோழியின் தலைமையிடம் பல்லடம். அங்கிருந்து அறிவிக்கப்படும் பண்ணைக் கொள்முதல் விலைதான் அன்றைய கடை விலையைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் ஒப்பந்தப் பண்ணைகள். நிறுவனம் ஒரு நாள் வயதுக் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றைக் கொண்டுவந்து இறக்கும். கொட்டகை, தண்ணீர், மின்சாரம், ஆள் எல்லாம் பண்ணையாளர் பொறுப்பு. கோழி எடைக்கு வந்ததும் நிறுவனமே பிடித்துக்கொண்டு போகும். பண்ணையாளருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி.

தரையில் தேங்காய் நார்த்தூளோ உமியோ பரப்பியிருப்பார்கள். ஒரு கோழிக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி இடம். 40 நாள் அளவில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். வீட்டுப் புழக்கடையில் மேயும் நாட்டுக்கோழி அந்த எடைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். பலர் நம்புவதுபோல ஊசி போட்டு இந்த வளர்ச்சியைக் கொண்டுவருவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனச்சேர்க்கை செய்ததன் விளைவு இது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957ஆம் ஆண்டின் கோழி இனத்தையும் 2005ஆம் ஆண்டின் இனத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆவது நாளில் பழைய இனம் 905 கிராம். புதிய இனம் 4.2 கிலோ.

சதை இவ்வளவு வேகமாக ஏறும்போது எலும்பும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கால் தாங்காமல் நொண்டுவதும், இதயம் நின்று திடீரெனச் சாவதும், கோடை வெயிலில் கொத்துக் கொத்தாகச் சுருண்டு விழுவதும் இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தவை. குஞ்சுக்கான முட்டையிடும் தாய்க்கோழிகளின் பாடு வேறு மாதிரி. அவற்றுக்கு வயிறாரத் தீவனம் போட்டால் உடம்பு பெருத்து முட்டையிடாமல் போகும் என்பதால், பசி தீராத அளவுக்கே தீவனம் வைப்பார்கள்.

கடைசிக் காட்சி நம் தெருமுனைக் கடையில். கூண்டிலிருந்து காலைப் பிடித்துத் தூக்கி, தலைகீழாகத் தராசில் வைத்து, கழுத்தை அறுத்து, துடிப்பு அடங்கும்வரை பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடுவார்கள். பிறகு "தோலோடயா, உரிச்சா?" என்று கேட்பார்கள். ஒரு விலங்கின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன. கடையில் டிரம்முக்குப் பக்கத்திலேயே கூண்டு இருக்கும்.

கடைக்காரரையோ பண்ணையாளரையோ கொடியவர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கிலோ இவ்வளவுக்குள் வேண்டும் என்று நாம் கேட்கும் விலையில் கறி தர வேண்டுமானால், இந்த முறையில்தான் தர முடியும்.

"நான் கொல்லவில்லையே?"

அறுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். வாங்குபவருக்கு என்ன பங்கு என்பது பழைய கேள்வி. பௌத்தத் துறவியருக்கு ஒரு விதி உண்டு: தனக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டோ கேட்டோ ஐயுற்றோ இராவிட்டால், பிச்சையில் விழும் ஊனை உண்ணலாம். வள்ளுவர் இதற்கு நேர் மறுப்பாகச் சந்தைக் கணக்கைக் காட்டுகிறார். தின்பதற்கென்று உலகம் வாங்காதிருந்தால் விலைக்கு ஊன் விற்பாரும் இருக்க மாட்டார்கள் என்பது அவர் சொல்லும் கருத்து. தேவையும் வரத்தும் என்று இன்று பொருளியல் பாடத்தில் படிப்பதைத்தான் அவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அந்த அதிகாரம் துறவறவியலில் வருவதால் இல்லறத்தாருக்கு அது விதி ஆகாது என்று சொல்வோரும் உண்டு. யாருக்கு விதி என்பது ஒருபுறம் இருக்கட்டும். வாதம் யார் சொன்னாலும் வாதம்தானே?

"நான் ஒருவன் நிறுத்தினால் ஒரு கோழியாவது பிழைக்குமா?" என்பது இதன் நவீன வடிவம். பதிலைத் தமிழ்நாட்டுச் சந்தையே ஆண்டுதோறும் தருகிறது. புரட்டாசி பிறந்ததும் பெருமாளுக்கு விரதம் இருக்கும் குடும்பங்கள் கறியை நிறுத்துகின்றன. உடனே பல்லடத்தில் கறிக்கோழி விலையும் நாமக்கல்லில் முட்டை விலையும் இறங்குவது வழக்கம்; நாளிதழ்களில் அது ஆண்டுதோறும் செய்தி. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடும் காலத்திலும் அப்படியே. விற்காது என்று தெரிந்தால் பண்ணைகள் குஞ்சு விடுவதைக் குறைக்கின்றன. விரதம் இருக்கும் ஒவ்வொருவரும் "நான் ஒருவன்" மட்டும்தான். அவர்கள் சேர்ந்துதான் விலையை அசைக்கிறார்கள்.

புரட்டாசி இன்னொன்றையும் காட்டுகிறது. கறியில்லாமல் ஒரு மாதம் முழுக்க நம் மக்களில் பல லட்சம் பேர் வேலைக்குப் போகிறார்கள், வயலில் நிற்கிறார்கள், பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறார்கள். மாற்று இருக்கிறதா என்ற கேள்விக்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

உடம்புக்குப் போதுமா?

புரதம் பற்றிய பயம்தான் பெரிது. உலர்ந்த மீல்மேக்கரில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம். துவரை, கடலைப்பருப்பு, பாசிப்பயறு ஆகியவற்றில் 20 முதல் 24 கிராம் வரை. பச்சைக் கோழிக்கறியில் ஏறக்குறைய 20 கிராம். ஆனால் பருப்பு வெந்து தண்ணீர் குடித்து உப்பிவிடுவதால் ஒரு கிண்ணச் சாம்பாரில் இருக்கும் புரதம் மிகக் குறைவு. சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டேன், புரதம் வந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கெட்டிப் பருப்பு, சுண்டல், மீல்மேக்கர், நிலக்கடலை என்று தனியே சேர்க்க வேண்டும். அரிசியில் குறைவாக உள்ள அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவாக உள்ளது அரிசியில் இருக்கிறது. இட்லியும் பொங்கலும் இந்தக் கூட்டணிதான்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, வைட்டமின் பி12. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் இச்சத்து தாவர உணவில் நம்பகமான அளவில் கிடையாது. பாலும் முட்டையும்கூட விடுகிறவர் மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது, இரும்பு. தாவர இரும்பை உடம்பு குறைவாகவே உறிஞ்சும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் கூடும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் குறையும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்றக் கூடாது.

அதே நேரம், அசைவர் என்பதாலேயே ஒருவருக்குச் சத்து கிடைத்துவிடுவதில்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. நூற்றுக்கு 97 பேர் அசைவராக உள்ள மாநிலம் இது. வாரத்தில் ஒருநாள் கறி எடுக்கிற வீட்டில், குழம்பில் மிஞ்சும் எலும்புத்துண்டு பெண்ணுக்கு வந்து சேர்வதால் ரத்தம் ஊறிவிடாது.

நிலமும் காற்றும்

2018இல் 'சயின்ஸ்' இதழில் ஜோசப் பூர், தாமஸ் நெமசெக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு 119 நாடுகளில் ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்தது. உலக வேளாண் நிலத்தில் 83 விழுக்காட்டைக் கால்நடை வளர்ப்பும் மீன் வளர்ப்பும் பிடித்துக்கொள்கின்றன. கிடைப்பதோ மொத்தக் கலோரியில் 18 விழுக்காடு, புரதத்தில் 37 விழுக்காடு. 100 கிராம் புரதம் பெற வெளியாகும் பசுங்குடில் வாயு உலகச் சராசரியில் இப்படி: கறிக்காகவே வளர்க்கப்படும் மாட்டில் 50 கிலோ, ஆட்டில் 20 கிலோ, கோழியில் ஏறக்குறைய 6 கிலோ, பயறு வகைகளில் ஒரு கிலோவுக்கும் குறைவு. நம் ஊரில் மாட்டுக்கறி பெரும்பாலும் பால் மாடு, எருமை, உழவு மாடு ஆகியவற்றின் கடைசிக் கட்டம் என்பதால் அந்த 50 கிலோ கணக்கை அப்படியே இங்கு பொருத்த முடியாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சூழலை மட்டும் பார்த்தால் "மாட்டையும் ஆட்டையும் விட்டுக் கோழிக்கு மாறுங்கள்" என்ற அறிவுரை வரும். உயிர்களை எண்ணினால் அது தலைகீழ். ஓர் எருமையிலிருந்து கிடைக்கும் கறியைக் கோழியில் எடுக்க ஏறக்குறைய எண்பது, நூறு கோழிகள் சாக வேண்டும்; அவையும் கொட்டகையிலேயே வளர்ந்தவை. காற்றுக்கு நல்லது, உயிருக்குக் கெட்டதாகிவிடுகிறது. இரண்டு கணக்கிலும் தேறுவது பயறு மட்டுமே.

மேய்ச்சல் ஆட்டுக்கு ஒரு தனிப் பத்தி எழுதத்தான் வேண்டும். ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த காவிரிப் படுகை வயல்களுக்கு வருவார்கள். இரவில் வயலில் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு உரம். நிலத்துக்காரர் கூலி கொடுப்பார். அந்த ஆடு தின்றது மனிதன் தின்ன முடியாத தாளையும் களையையும். வானம் பார்த்து, காலாற நடந்து, மந்தையோடு வாழ்ந்தது. கடைசியில் அதுவும் கத்திக்குத்தான் போகிறது. ரீகனின் கண்ணில் அதுவும் தவறுதான். ஆனால் துன்பத்தின் அளவில் அதையும் கொட்டகைக் கோழியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

பாலும் முட்டையும் பரிசுத்தமா?

கறியைத் தொடாதவர்கள் இந்த இடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விடக் கூடாது. மாடு கன்று போட்டால்தான் பால் கறக்கும். கன்றில் பாதி காளை. டிராக்டர் வந்தபின் உழவுக்குக் காளை தேவையில்லை. சினை ஊசி வந்தபின் பொலிகாளையும் ஊருக்கு ஒன்று வேண்டியதில்லை. அந்தக் காளைக்கன்று எங்கே போகிறது? கறவை வற்றிய மாடு எங்கே போகிறது? பெரும்பாலும் சந்தைக்கு, சந்தையிலிருந்து வெட்டுக்கு. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியால் பால் உற்பத்தியில் உலகில் முதலிடம் பிடித்த இந்தியா, எருமைக்கறி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் நிற்பது தற்செயல் கிடையாது. இரண்டும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள்.

முட்டையும் அப்படித்தான். முட்டையினக் கோழியில் ஆண் குஞ்சுக்கு வேலையில்லை, கறிக்கும் ஆகாது. பொரிந்தவுடன் பிரித்துக் கொன்றுவிடுவது உலகெங்கும் வழக்கம். ஜெர்மனி 2022 ஜனவரி முதல் அதைத் தடை செய்தது. பெட்டைகள் கம்பிக் கூண்டில், ஓர் ஏ4 தாளின் பரப்புகூட இல்லாத இடத்தில், சிறகு விரிக்க முடியாமல் நின்று ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் இந்த வெறும் கூண்டுக்கு அனுமதியில்லை. இங்கே அதுதான் நடைமுறை.

ஆக, நாம் வழக்கமாகப் போடும் சைவம், அசைவம் என்ற கோடு, துன்பத்தின் கோட்டோடு ஒட்டவில்லை. நெய்யில் வறுத்த முந்திரியோடு பால்கோவா சாப்பிடுபவர் ஆண்டுக்கு ஒருமுறை கிடா விருந்து சாப்பிடுபவரைப் பார்த்து முகம் சுளிக்கிறார். உயிர்வதையைத்தான் அளப்பதென்றால் யார் பக்கம் கனம் என்பது அவ்வளவு தெளிவில்லை.

கிடா வெட்டு, மாட்டுக்கறி, சாதி

கோவில்களில் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் ஒன்று 1950லிருந்தே தமிழ்நாட்டில் இருந்தது. ஏட்டில் கிடந்த அதை 2003இல் ஜெயலலிதா அரசு கடுமையாகச் செயல்படுத்த முனைந்தது. குலதெய்வ வழிபாட்டில் கை வைப்பதாகப் பெரும் எதிர்ப்பு எழுந்து, 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முனியாண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஊர் பார்க்க, வளர்த்தவரே வெட்டும் ஒரு கிடா அரசின் கண்ணை உறுத்தியது. நாள்தோறும் லட்சக்கணக்கில், யார் கண்ணிலும் படாமல் கொட்டகையிலிருந்து லாரி ஏறும் கோழி உறுத்தவில்லை. கண்ணுக்குத் தெரிவதைக் கொடூரம் என்றும் தெரியாததை வியாபாரம் என்றும் சொல்லிப் பழகிவிட்டோம்.

மாட்டுக்கறி இதைவிடச் சிக்கலானது. மாட்டுக்கறி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தி அன்டச்சபிள்ஸ்' நூலில் ஆராய்ந்தார். ஏழைக்குக் கைக்கெட்டிய விலையில் கிடைத்த புரதம் அது. அதை வைத்தே ஒரு மனிதரை இழிவு செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். "நான்வெஜ் சமைக்கக் கூடாது" என்று வாடகை வீட்டுக்குப் போடும் நிபந்தனைக்குள் இருப்பது ஆட்டின் மேலுள்ள இரக்கமா, வேறொன்றா என்பது வீடு தேடியவர்களுக்குத் தெரியும். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றபோது எழுந்த கோபமும் இதிலிருந்து வந்ததே.

இந்த வரலாற்றை மறைத்துவிட்டு ஜீவகாருண்யம் பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள். வள்ளலார் இதில் நமக்கு நல்ல முன்மாதிரி. புலால் மறுத்தலை அவரளவுக்கு வற்புறுத்தியவர் குறைவு. ஆனால் 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலை பசித்தவருக்குச் சோறு போட்டது. புலால் உண்பவரானாலும் பசி என்று வந்தால் பசியாற்றுவது கடமை என்பது அவர் நெறி. விலங்கின் மேல் கொண்ட இரக்கத்தை மனிதரை விலக்கும் வேலியாக அவர் ஆக்கவில்லை.

சத்துணவு முட்டையையும் இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து நாளும் கிடைக்கும் முட்டை, பல வீடுகளில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே நல்ல புரதம். அதே தரத்தில், பிள்ளை விரும்பிச் சாப்பிடும் மாற்று தட்டுக்கு வராமல் அதை எடுப்பது அறமாகாது. கூண்டை ஒழிக்கக் கேட்கலாம். முட்டையைப் பிடுங்கக் கேட்கக் கூடாது.

மீதிக் கேள்விகள்

*புலி மானைத் தின்கிறதே?* புலிக்கு மாற்று இல்லை. யோசித்துத் தேர்ந்தெடுக்கவும் தெரியாது. நமக்கு இரண்டும் உண்டு. மேலும், புலி செய்யும் மற்ற எதையும் நாம் முன்மாதிரியாகக் கொள்வதில்லை.

*தின்னாவிட்டால் அந்தக் கோழி பிறந்தே இருக்காதே?* உண்மை. ஆனால் பிறக்காத கோழிக்கு எந்த இழப்பும் இல்லை. 40 நாள் அவதிப்படப் பிறக்க வைத்ததை உபகாரம் என்று சொல்ல முடியாது.

*உழவிலும் எலி, பூச்சி சாகிறதே?* சாகிறது. கால்நடைத் தீவனத்துக்காகவும் உழவு நடப்பதால் கறி தின்பவர் கணக்கில்தான் அதுவும் கூடும். யாரும் யாருக்கும் தீங்கில்லாமல் வாழ முடியாது என்பதால், குறைக்க முடிந்ததைக் குறைக்க வேண்டாம் என்று ஆகிவிடாது.

*பல்லடம் பண்ணையாளர் பிழைப்பு?* நியாயமான கவலை. ஒரே நாளில் யாரும் நிறுத்தப்போவதில்லை; மெல்லக் குறையும்போது காளான், பயறு, சோயாப் பொருள் என்று மாறுவதற்குக் கடனும் சந்தையும் அமைத்துத் தருவது அரசின் வேலை.

*ஆய்வுக்கூடக் கறி?* அறிவியலாளர் மார்க் போஸ்ட் உருவாக்கிய முதல் பர்கரை 2013இல் லண்டனில் சமைத்துக் காட்டினார்கள். 2020இல் சிங்கப்பூர் விற்பனைக்கு அனுமதித்த முதல் நாடானது. நம் ஊர்ச் சந்தைக்கும் நம் விலைக்கும் அது இன்னும் வரவில்லை. காத்திருக்கத் தேவையும் இல்லை. மீல்மேக்கர் வந்து பல காலமாயிற்று.

என் தீர்ப்பு

மாற்று கையில் இருக்கும்போது, ருசி என்ற ஒரே காரணத்துக்காக ஓர் உயிரை வாழ்நாளெல்லாம் வதைத்துக் கொல்வதற்கு நியாயம் சொல்ல முடியாது. மேலே பார்த்த எந்த எதிர்வாதமும் அதை அசைக்கவில்லை. ஆனால் இந்தத் தீர்ப்பு எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. வருமானமும் வாய்ப்பும் அதிகம் உள்ளவர் மேல் அதிகம் விழும். தட்டில் ஒரு முட்டைக்காகக் காத்திருக்கும் பிள்ளை மேல் விழவே விழாது. அடுத்தவர் அடுப்பில் என்ன வேகிறது என்று மோந்து பார்க்கும் உரிமையையும் இது யாருக்கும் தரவில்லை. பால்கோவா சாப்பிடும் சைவருக்கும் இதில் விலக்கு இல்லை.

முழுவதும் விட முடிந்தவர்கள் விடலாம். முடியாதவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்: கொட்டகைக் கோழியையும் கூண்டு முட்டையையும் முதலில் குறையுங்கள், பாலைக் கணக்கில் சேருங்கள், எப்போதாவது சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால், மேய்ந்து வளர்ந்ததை, அதன் உண்மை விலையைக் கொடுத்து வாங்குங்கள். விழாவுக்கு மட்டும் கறி என்பது நம் தாத்தா பாட்டிகளுக்குச் சர்வசாதாரணம். தெருவுக்குத் தெரு சிக்கன் கடை என்பது நம் காலத்தில் வந்த பழக்கம். வந்த பழக்கத்தை விடவும் முடியும். புரட்டாசியில் பெருமாளுக்காக முப்பது நாள் முடிகிறவர்களுக்கு, அந்தக் கோழிக்காக வாரத்தில் நான்கு நாள் முடியாதா?